நடுகல்லில் தங்குவது எது?

போரில் பட்ட வீரனுக்கு நடப்படும் கல் நடுகல். ஆநிரை கவரும்போதோ, கவர்ந்து போனதை மீட்கும்போதோ, ஊரைக் காக்கும்போதோ உயிர்விட்டவனின் பெயரும் செயலும் அதில் பொறிக்கப்பட்டன. எழுத்துப் பொறித்த தமிழக நினைவுச்சின்னங்களில் மிகப் பழையவற்றுள் இவை அடங்கும். ஊரார் கல்லை நட்டு ஒருவனை நினைக்கும்போது அந்த ஆளை நினைக்கிறார்களா, அவன் செய்ததை நினைக்கிறார்களா, இல்லை தங்களையேவா என்ற கேள்விக்கு நடுகற்களின் வரலாறு நல்ல சான்று.

நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தக்க கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடியும் முறை இது. ஆறும் செய்கைகள் என்பது கவனிக்கத் தக்கது. மலையில் கிடந்த வெறும் கல், ஊரார் அதற்குச் செய்ததால் தெய்வமாயிற்று. சங்கப் பாடல்கள் இதற்குச் சாட்சி சொல்கின்றன. மயிற்பீலி சூட்டி, துடி முழக்கி, தோப்பிக் கள்ளும் பலியும் கொடுத்து வழிபட்டதை அகநானூறு காட்டுகிறது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். யானையைக் கொன்று வீழ்ந்த வீரனின் கல்லைத் தவிர, நெல் தூவிப் பரவத்தக்க கடவுள் வேறு இல்லை என்கிறார் அவர்.

அதே காலத்துப் புலவர்களே கல்லின் மறதியையும் கண்டுவிட்டார்கள். அகநானூற்றின் 297ஆம் பாடலில் வரும் பாலை வழி நடுகல் ஒன்று பழசாகிப்போனது. மறவர்கள் அதில் அம்பு தீட்டித் தீட்டிப் பக்கம் தேய்ந்துவிட்டது. களைத்துப்போன வழிப்போக்கர்கள் எழுத்தை முழுக்கப் படிக்காமல் கடந்து போகிறார்கள். வீரத்தின் பெயரால் நட்ட கல், வீரம் செய்யக் கிளம்பியவர்களுக்குச் சாணைக்கல்லாகிவிட்டது! நினைவுச்சின்னம் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான காட்சி அரிது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் மூன்று நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் உருவம் இல்லை. தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து மட்டுமே இருக்கிறது. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் (ஆநிரை கவர்தலில்) பட்ட தீயன் அந்தவன் என்பவனுடைய கல். பல்லவர் காலத்துக்கு வரும்போது வில்லும் வாளும் ஏந்திய உருவமும் வட்டெழுத்தும் சேர்ந்து வருகின்றன. இவ்வகைக் கற்கள் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் ஏராளம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் அவற்றைச் ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாகவே வெளியிட்டது.

அந்த வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. எருமைகளைக் காக்கப்போய்ப் பட்டவன் கருந்தேவகத்தி. அவனோடு இருந்த நாய்க்கும் பெயர் உண்டு: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, அங்கேயே காத்து நின்றது என்று அந்த நாய்க்காகத் தனி வரி பொறித்திருக்கிறார்கள். அதன் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். மகேந்திரவர்மனோ இந்தக் கல்லில் காலக்கணக்குக்கு மட்டும் வந்துபோகிறான். பாறைகளைக் குடைந்து கோயில் எடுத்த பேரரசன் ஒரு மாட்டுப்பட்டி நாயின் கதைக்குத் தேதியாக நிற்கிறான். அரசு தனக்கென்று எழுப்பும் சின்னத்தில் இது நடக்காது. ஆநிரையே சொத்தாக இருந்த ஊர், தனக்கு யார் வேண்டியவர் என்று தானே தீர்மானித்ததன் பதிவு இது.

ஆனால் செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நடுகற்கள் பல இன்று வேடியப்பன் என்ற பெயரில் வணங்கப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறி, பொங்கல் வைத்து, கிடா வெட்டிக் கும்பிடுகிறார்கள். கல்லில் இருப்பவன் யார் என்றால் வேடியப்பன் என்பதே பதில். தனித்தனி ஊரில், தனித்தனிச் சண்டையில், தனித்தனிப் பெயரோடு மாண்டவர்கள் எல்லாரும் ஒரே தெய்வமாகிவிட்டார்கள். எழுத்து படிக்கத் தெரிந்த ஆய்வாளர் வந்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்த பிறகே பழைய பெயர் வெளியே வருகிறது.

இதை மறதி என்று தள்ளிவிடுவது எளிது, சரியாகாது. பெயர் போனாலும் கல் பிழைத்தது வழிபாட்டால்தான். கும்பிட ஆளில்லாத கற்கள் எத்தனையோ துணி துவைக்கவும் படிக்கட்டாகவும் போயின. காப்பாற்றுவதற்குச் சடங்கு கேட்கும் விலை, தனிமனிதனின் அடையாளம். மறுபுறம், ஆய்வாளர் மீட்டுத்தரும் பெயர் உண்மையானது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அழவோ நேர்ந்துகொள்ளவோ இன்று எவரும் இல்லை. நட்ட கல் பேசுமா என்று ஏளனம் செய்த சித்தர் சிவவாக்கியரிடம் நடுகல்லைக் காட்டியிருந்தால் அவர் இரண்டு தரப்பையுமே பார்த்துச் சிரித்திருப்பார். அவர் தேடிய தெய்வம் உள்ளே இருப்பது. ஊர் தேடுவதோ எல்லையில் நின்று காப்பது. இரண்டும் வேறு தேவைகள்.

அரசர்களின் கதையும் பெரிதாக மாறுபடவில்லை. ஆற்றூரில் இறந்த சோழ மன்னன் அரிஞ்சயனுக்கு மேல்பாடியில் முதலாம் இராசராசன் பள்ளிப்படை என்னும் நினைவுக் கோயில் எடுத்தான். இன்று அங்கே வணங்கப்படுவது சிவன். அரிஞ்சயன் கல்வெட்டோடு நின்றுவிட்டான்.

கண்ணகி இதற்கு நேர்மாறு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் நடுகல் மரபின் படிகளையே காதைகளாக அடுக்குகிறது. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்து, கனக விசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டிக் கொண்டுவருகிறான். அவன் நட்ட கல் எது என்று இன்று உறுதியாகக் காட்ட முடியாது. ஆனால் பெயர் கடல் தாண்டி நிற்கிறது. இலங்கையின் மட்டக்களப்புத் தமிழர்கள் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு எடுத்து வழக்குரை காதை பாடுகிறார்கள். சிங்கள பௌத்தர்களுக்கு அவள் பத்தினி தெய்யோ. கஜபாகு மன்னன் கொண்டுவந்த வழிபாடு என்பது அங்குள்ள மரபு. கல் இல்லாத இடத்தில் பாட்டும் சடங்கும் சேர்ந்து கல்லின் வேலையைச் செய்திருக்கின்றன.

சென்னை மெரினாவில் நிற்கும் கண்ணகி வேறு வகை. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, வள்ளுவர், கம்பர், இளங்கோ, வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோரின் சிலைகளோடு அவளும் நிறுவப்பட்டாள். எதைத் தமிழ் அடையாளம் என்று கொள்வது என்பதற்கு ஓர் அரசு போட்ட பட்டியல் அந்தச் சிலை வரிசை. அதில் அயல்நாட்டுப் பாதிரியார்கள் இருப்பது, மொழிக்கு உழைத்தவர் எவரும் நம்மவர் என்ற முடிவைச் சொல்கிறது. அவளுக்கு அங்கே பூசையும் இல்லை, படையலும் இல்லை. தினமும் அவ்வழியே போனவர்களில் அவளை ஏறிட்டுப் பார்த்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள். 2001 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டதும் கண்ணகி ஊர்ப் பேச்சானாள். ஆட்சி மாறி 2006 ஜூனில் திரும்பவும் நிறுத்தப்பட்டாள். வழிபாடு இல்லாத சின்னத்தைச் சர்ச்சைதான் உயிரோடு வைத்திருக்கிறது போலும்.

வழிபாடும் சர்ச்சையும் ஒன்றாகச் சேர்ந்த இடமும் உண்டு. தமிழக–கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் இடிந்த கற்கட்டடம். செங்குட்டுவன் எடுத்த கோயில் அதுவே என்பது பலரது நம்பிக்கை. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்கள் அனுமதிக்கப்படுகிறார்கள். கோயில் எந்த மாநிலத்துக்கு உரியது என்ற சர்ச்சை பல காலமாகத் தொடர்கிறது. இரு மாநில அதிகாரிகளும் ஆண்டுதோறும் கூடி ஏற்பாடுகளைப் பேசுகிறார்கள். அந்த ஒரு நாள் குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழகப் பக்கத்து மலைப்பாதையில் நடந்தும் சனம் ஏறுகிறது.