ஒன்றுமில்லை

சிதம்பரத்தில் திரை விலகினால் வெற்றிடம். அதன்மேல் தங்க வில்வ மாலை. ரகசியம் என்று கும்பிடுகிறோம்.

குவாண்டம் புலக் கோட்பாட்டிலும் வெற்றிடம் வெறுமை அல்ல. புலங்களின் மிகக் குறைந்த ஆற்றல் நிலை. மின்னேற்றமில்லாத இரு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்தால் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று 1948இல் காசிமிர் கணித்தார். 1997இல் லாமரோ அதைத் துல்லியமாக அளந்தார்.

கடலூரில் கணக்கெடுக்க வந்தவரிடம் அம்மா, “வேலை ஒன்னும் இல்ல, வீட்டுலதான் இருக்கேன்” என்றாள். வீட்டுவேலை மட்டும் செய்பவர் மக்கள்தொகைக் கணக்கில் ‘வேலை செய்யாதவர்’. கல்லூரி விண்ணப்பத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

‘ஒன்றுமில்லை’ என்பது அங்கிருப்பதன் இயல்பா, அளக்காதவர்களின் வசதியா? கும்பிடுவதும் அளப்பது ஆகாது. அம்மாவுக்குத் தங்க மாலை வேண்டாம்.

ஒரு வேறுபாடு உண்டு. வெற்றிடத்தின் அந்த நிலையிலிருந்து மேலும் ஆற்றலை எடுக்க முடியாது. அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்தோம்.