இரண்டு மரக்கால்

வாங்குவதற்கு ஒரு மரக்கால். கொடுப்பதற்கு ஒரு மரக்கால்! காவிரி பாயும் நம் நெல் நாட்டில் இப்படியும் ஒரு காலம் இருந்தது. குத்தகை நெல் வாங்கும்போது பண்ணையின் மரக்கால் பெருக்கும். கூலி நெல் கொடுக்கும்போது அதே பண்ணையின் மரக்கால் சிறுக்கும். நெல் மாறவில்லை, களம் மாறவில்லை, அளந்த கையும் மாறவில்லை. மாறியது அளவை மட்டுமே! அதனால்தான் 1940களில் தஞ்சைத் தரணியின் உழவர்கள், கூலி உயர்வோடு முத்திரை மரக்காலும் வேண்டுமெனக் கேட்டுப் போராடினர். கூலியை எவ்வளவு உயர்த்தினால் என்ன, அளவை பொய்யானால்?

நெற்களத்தில் எழுந்த அந்தக் கேள்வியைக் கலைக்களத்திலும் எழுப்ப வேண்டும் என்கிறோம்.

சீர்காழி வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராக இருப்போருக்கு ஆண்டுவிழா தோறும் ஒரு பதவி தேடி வருகிறது, நடுவர் பதவி! மேடையில் ஒரு பிள்ளை கீர்த்தனை பாடும். அடுத்த பிள்ளை பரதம் ஆடும். மூன்றாம் பிள்ளை கரகம் எடுக்கும். நான்காம் பிள்ளை பல குரலில் பேசிச் சிரிக்க வைக்கும். ஐந்தாம் பிள்ளை பறை அடிக்கும். இவை அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, முதல் பரிசு யாருக்கு என்று நாம் சொல்லியாக வேண்டும். தொண்டையையும் காலையும், தலைமேல் நிற்கும் குடத்தையும் தோலில் பிறக்கும் ஒலியையும் எந்தக் கோலால் அளப்பது? இது விளையாட்டுக் கேள்வி அன்று, அறக் கேள்வி.

"கலையை அளக்கவே கூடாது, அவரவர் சுவை அவரவர்க்கு" என்பார் உளர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், நடுவர் எழுந்து போய்விட்டால் தீர்ப்பும் போய்விடுமா? யாருக்கு அழைப்பு, யாருக்கு எத்தனை ரூபாய், யார் பந்தலில் ஆடுவது, யார் பந்தலுக்கு வெளியே ஆடுவது என்று ஊர் நாள்தோறும் தீர்ப்பு வழங்கிக்கொண்டுதானே இருக்கிறது? காரணம் சொல்லும் நடுவரை விலக்கினால், காரணம் சொல்லாத நடுவர் அந்த நாற்காலியில் அமர்ந்துகொள்வார். அவர் பெயர் வழக்கம்!

அந்த நடுவரின் தீர்ப்புகளைப் பாருங்கள்.

இதே சீர்காழியில் வாழ்ந்தவர் அருணாசலக் கவிராயர் (1711–1779). இராமகாதையை இசை நாடகமாக்கினார். அருகிலுள்ள சட்டநாதபுரத்து மாணவர் இருவர் அதற்கு இசை வகுக்கத் துணை நின்றனர். கதையோடு நமக்குள்ள பிணக்கு வேறு. பாட்டின் சுவையை நாம் மறுப்பதில்லை. நூலைத் திருவரங்கத்தில் அரங்கேற்றச் சென்றபோது, கோயிலார் ஆண்டவன் ஆணை வேண்டும் என்றனராம், கவிராயர் பாடினாராம், கனவில் ஆணை வந்ததாம்! புலவனின் உழைப்புக்குக் கனவு சான்றிதழ் கொடுத்தது என்பது கதை. கனவு வராமற் போயிருந்தால்? பாட்டின் சுவை ஒரு மாத்திரை குறைந்திருக்குமா? பாட்டை வாழவைத்தது பாடிய வாயும் கேட்ட செவியுமே அன்றோ!

சதிரின் கதையைப் பாருங்கள். தஞ்சை அரண்மனையிலும் டெல்டாக் கோயில்களிலும் வளர்ந்த அந்த ஆட்டத்தை, ஒரு குலத்துப் பெண்கள் ஆடியவரை 'சின்னமேளம்' என்று இழித்துரைத்தனர். 1930களில் 'பரதநாட்டியம்' என்ற பெயர் நிலைபெற்றது. வேறு குலத்துப் பெண்கள் மேடையேறினர். 1936இல் கலாக்ஷேத்திரம் எழுந்தது. நேற்று இழிவு என்றது இன்று தெய்வீகம் ஆயிற்று! அடவில் வந்த மாற்றம் சிறிது. ஆடியவர் பிறப்பில் வந்த மாற்றமே பெரிது. பொட்டுக்கட்டும் கொடுமையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது; அது வேண்டிய சட்டம், நல்ல சட்டம். அதற்காக வாழ்நாளெல்லாம் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், முறையைச் சாடினார். அதில் சிக்கிய பெண்களைச் சாடவில்லை. அந்த வேறுபாட்டைக் கலையுலகின் நடுவர்கள் காணத் தவறினர். கட்டு ஒழிந்தபோது கலையையும் சேர்த்தே அப்பெண்களிடமிருந்து பறித்துக்கொண்டனர்.

நாடகத்திலும் இதே கதை. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தினார்; அவர் நாடகம் காணத் தொலைவிலிருந்தெல்லாம் கூட்டம் இரயிலேறி வந்தது. அவருடைய இறுதிக் காலமோ வறுமையில் கழிந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இன்றும் இரவெல்லாம் நடக்கிறது. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வந்த நடிகர்கள், ஒத்திகை ஏதுமின்றி மேடையிலேயே சந்தித்து, பாட்டுக்குப் பாட்டும் சொல்லுக்குச் சொல்லுமாக விடியும்வரை வாதாடுகிறார்கள். எத்தனை கடினமான கலை! இரவில் அவளுக்கு மாலை. பொழுது விடிந்தால் 'நாடகக்காரி' என்ற வசை. கைதட்டிய கைதான் வீட்டுக் கதவையும் சாத்துகிறது. இரண்டு மரக்கால், தோழர்களே, இரண்டு மரக்கால்!

"அப்படியானால் மக்களே நடுவராகட்டும், கைதட்டலே தீர்ப்பாகட்டும்" என்கிறீர்களா? அதையும் பார்ப்போம். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் அப்போலோ என்ற பழைய அரங்கம் உண்டு. தொடக்கத்தில் கறுப்பின மக்களை உள்ளே விடாத அரங்கம். 1934இல்தான் அவர்களுக்குக் கதவு திறந்தது. புதன்கிழமை இரவுகளில் புதியவர்களுக்குப் போட்டி. ஆடலாம், பாடலாம், வேடிக்கை காட்டலாம், கூட்டமே நடுவர். பிடித்தால் ஆரவாரம், பிடிக்காவிட்டால் கூச்சல், உடனே மேடையிலிருந்து வெளியேற்றம்! 1934 நவம்பரில் 17 வயதுச் சிறுமி ஒருத்தி அங்கே வந்தாள். ஆடத்தான் வந்தாள், அவளுக்கு முன் ஆடியவர்களின் திறத்தைக் கண்டு அஞ்சிப் பாடத் தொடங்கினாள். வென்றாள். அவள்தான் பின்னாளில் உலகம் வியந்த எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு.

கூட்டம் சரியாகத் தீர்ப்பளித்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வென்றவருக்கு அந்த அரங்கில் ஒரு வாரம் பாடும் வாய்ப்பும் பரிசில் அடங்கும். அது அவளுக்குக் கிட்டவில்லை. அவளுடைய அழுக்கு உடையும் கலைந்த தோற்றமுமே காரணம் என்பர். செவி கொடுத்த பரிசைக் கண் பறித்துக்கொண்டது! கடல் கடந்தாலும் மரக்கால் இரண்டுதான் போலும்.

கூட்டமும் எப்போதும் குற்றமற்றதன்று. கறுத்த நிறத்தைக் கேலி செய்தால் சிரிக்கும். மனைவியை அடிப்பதை வேடிக்கையாக்கினால் சிரிக்கும். ஊனத்தை நடித்துக் காட்டினாலும் சிரிக்கும். சிரிப்பொலியின் அளவு மட்டும் மதிப்பெண்ணானால், இழிவுக்கே முதல் பரிசு! கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சிரிக்க வைத்தவர்தான். அவருடைய 'கிந்தனார்' காலட்சேபத்தில் படித்து முன்னேறுபவன் தாழ்த்தப்பட்ட சிறுவன். சிரிப்புக்கு ஆளாவது அவனைத் தடுக்கும் பழமை. வீழ்ந்தவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. வீழ்த்தியவனைப் பார்த்துச் சிரிக்க வைப்பதே கலை.

எனவே, கற்றோர் தீர்ப்பும் தனியே போதாது. கூட்டத்தின் தீர்ப்பும் தனியே போதாது. பிறகு எதுதான் வழி?

முதலாவது, ஒவ்வொரு கலையையும் அது தனக்கென ஏற்றுக்கொண்ட வேலையைக் கொண்டே அளப்போம். பறையிடம் வீணையின் மென்மையைக் கேட்பது, உழுகின்ற மாட்டிடம் பால் கேட்பது போன்றது. தாளம் பிசகிற்றா, குடம் நின்றதா, குரல் உயிர் பெற்றதா, சொன்ன சொல் செவியில் தைத்ததா? இவையே கேள்விகள். இரண்டாவது, காரணத்தைக் கூசாமல் சபையில் சொல்வோம். வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணம் பெரும்பாலும் சாதியாகவோ பணமாகவோ உறவாகவோதான் இருக்கும். மூன்றாவது, இரக்க மதிப்பெண் இடமாட்டோம். சேரிப் பிள்ளை பறையைப் பிழையாக அடித்தால், பிழை என்றே சொல்வோம். எப்படித் திருத்துவது என்றும் சொல்வோம். அன்பின் பெயரால் அளவையைச் சிறுக்கினாலும் அது கள்ள மரக்கால்தான். உன்னால் இவ்வளவுதான் முடியும் என்று ஒரு பிள்ளையிடம் சிரித்தபடியே சொல்வது, முகம் சுளித்துச் சொல்வதைவிடக் கொடிது.

2022 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நாட்டுப்புறக் கலைகளும் அங்கே மேடையேறுகின்றன. மேடை கிடைத்துவிட்டது, மகிழ்கிறோம். மேடைக்கு எதிரே கிடக்கும் நாற்காலியைப் பற்றியே நமது கவலை. வருங்காலத்தில் அதில் அமரப் போகிறவர்கள் இளைஞர்களாகிய நீங்கள். நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், சான்றோருக்கு உவமையாகத் துலாக்கோலைக் காட்டினார். துலாக்கோலுக்குக் கண் இல்லை. தட்டில் ஏறியவர் குலம் அதற்குத் தெரியாது. நமக்குக் கண் உண்டு. குலம் தெரிகிறது, துணி தெரிகிறது, நிறம் தெரிகிறது. அதனால்தான் கோலுக்கு எளிதான நேர்மை, மனிதருக்கு முயற்சியாகிறது.

மேடையில் நிற்கும் பிள்ளை அரை மணி நேரம் நம்மை நம்பி நிற்கிறாள். இங்கே தன் திறமைதான் அளக்கப்படும், தெருவன்று என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கை பொய்த்தால், அவள் இழப்பது ஒரு பரிசுக் கிண்ணத்தை மட்டும் அன்று. உழைத்தால் உயரலாம் என்ற எண்ணத்தையே இழக்கிறாள். அதைத் திருப்பித் தர எந்த விழாவாலும் இயலாது.