மேல் கை, கீழ்க் கை



கொடுக்கும் கை மேல் கை; வாங்கும் கை கீழ்க் கை. கொடுக்கும் கைக்கே மேன்மை என்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த பாடம். வியாபாரிகளாகிய நாம் அந்தப் பாடத்தை ஓரளவேனும் கடைப்பிடித்து வருகிறோம், அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் ஒரு கேள்வி. கொடுப்பது மேன்மையானால், அந்த மேன்மையை நாமே வைத்துக்கொள்வது நியாயமா? வாங்குகிறவனுக்கும் ஒரு நாள் கொடுக்கும் பாக்கியம் கிடைக்க வேண்டாமா?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. துணிக்கடைகள் அடைபட்டன. பள்ளிவாசல்களில் ஜும்ஆ நின்றது. ரமலான் சந்தை கூடவில்லை. அந்நாட்களில் நாடெங்கும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் பொட்டலம் பொட்டலமாக வழங்கப்பட்டன. பசித்தவனுக்கு இன்றே சோறு வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை. எனினும் நேற்றுவரை உழைத்து உண்டவன் இன்று வரிசையில் நிற்கும்போது அவன் முகத்தை உற்றுப் பார்த்தவர்கள் அறிவார்கள்: வயிறு நிறைந்தும் மனம் ஆறவில்லை. பூட்டிய கடையின் வாடகையை எண்ணி உறக்கமின்றிப் புரண்ட நம்மவர் மனமும் ஆறவில்லை.

இந்த ஆறாத மனங்களுக்கு ஒரு மருந்து, பொது நிலத்தில் கூடிப் பயிர் செய்வது. "கீரைக்கட்டின் விலை என்ன, என் நேரத்தின் விலை என்ன?" என்று கேட்பீர்கள். வியாபாரி கேட்க வேண்டிய கேள்விதான். கணக்குப் பார்த்தே பதில் சொல்வோம்.

1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. ரப்பரை வாங்க ஆளில்லை. வெளிநாட்டு அரிசி வருவது அருகிப்போயிற்று. வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் ஊரெங்கும் புழங்கின. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அவை வெறுங்காகிதமாயின. பெட்டி நிறைய நோட்டுச் சேர்த்தவர் கையைப் பிசைந்தார். பசியைத் தாங்கியது மண்ணில் நட்ட மரவள்ளியே. எந்தப் பேரேட்டிலும் ஏறாத வரவு அது!

பேராக்கில் 'தோட்டம்' என்றால் ரப்பர் எஸ்டேட் என்றே பொருள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் எடுத்து, லயத்தில் வாழ்ந்தவர்கள் தலைமுறைகளாக அதை 'எங்கள் தோட்டம்' என்றார்கள். பத்திரம் வேறொருவர் பெயரில் இருந்தது. 1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது பலருக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்க முனைந்தது அந்தக் காயத்திற்கு மருந்திடத்தான். ஆயினும் எத்தனையோ தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. லயத்தின் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்த கைகள் இன்று அடுக்குமாடி வீடுகளில் சும்மா இருக்கின்றன.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. நமக்குக் கடை பார்க்கத் தெரியும். மண் பார்க்கத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். பாத்தி கட்டும் இடத்தில் அவர்கள் ஆசிரியர்கள், நாம் மாணவர்கள். கங்கோங் விதைத்தால் ஒரு மாதத்திற்குள் கீரை பறிக்கலாம். நேற்று பொட்டலம் வாங்கியவர் அதில் ஒரு கட்டை நம் கையில் வைக்கும்போது, அவர் கை மேலே, நம் கை கீழே. அந்த ஒரு நொடி அவருக்கும் மருந்து, நமக்கும் மருந்து.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாம் பணத்தைப் போட்டு, கூலிக்கு ஆளை வைத்து, வாசலில் பெயர்ப்பலகை நாட்டிவிட்டு வந்தால் அது மறுபடியும் எஸ்டேட்தான்! முதலாளி ஒருபுறம், கூலி ஒருபுறம். வாரத்தில் ஒரு மணி நேரமேனும் நாமே குனிந்து களை பிடுங்க வேண்டும். விளைந்ததில் முதல் பங்கு, உழைக்க இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும். மீதி எல்லோருக்கும் சமம். உரம் வாங்கிக் கொடுத்தவருக்குக் கூடுதல் பிடி இல்லை.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, விலங்கோ, பறவையோ உண்டால் அது அவனுக்கு ஸதகாவாகும் என்பது நம் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த நற்செய்தி. உண்பவன் எந்த இனம், எந்தச் சமயம் என்ற விசாரணை அங்கே இல்லை. பறவையிடம் யார் விசாரிக்க முடியும்?

பள்ளிவாசலுக்குப் பின்னால் புல் மண்டிக் கிடக்கும் துண்டு நிலம் உண்டா? குடியிருப்பின் ஓரத்தில் வெற்றிடம் உண்டா? உரியவர்களிடம் அனுமதி கேட்டு, நான்கு பாத்தியுடன் தொடங்குவோம். அடுத்த கஷ்ட காலம் எப்போது வரும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அது வரும்போது நம் சமூகத்தில் வாங்க மட்டுமே தெரிந்த கை ஒன்றுகூட இல்லாதிருக்க, வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.