உயிர் மிஞ்சியது... வலியும் மிஞ்சியது!

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். நான்கு வருடங்களுக்கு முன்பு அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆனது. வேண்டிக்கொண்டபடியே ஆறாவது மாதம் வைத்தீஸ்வரன்கோவிலுக்குப் போய், தையல்நாயகி அம்பாளுக்குப் புடவை சாத்திவிட்டு வந்தார். வீடு வீடாக திருச்சாந்துருண்டைப் பிரசாதமும் கொடுத்தார். அதோடு அவருடைய கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் லலிதா சகஸ்ரநாம பாராயணம் உண்டு. ஒரு நாள் கவனித்தேன். பாதி நாமாவளியில் மாமியின் இடது கை, தலைப்புக்கு அடியில் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் கிளம்பிப் போன பிறகு மெள்ளக் கேட்டேன்.

''தாலிக்கொடி பட்டாலே எரியறதுடீ. ரவிக்கை உரசினா ஊசி குத்தறாப்பல இருக்கு. இடது பக்கமா படுத்து நாலு வருஷமாச்சு. ஆத்துல யாருக்கும் சொல்லலை.''

''ஏன் மாமி?''

''உயிரைக் குடுத்திருக்கா அம்பாள். இன்னும் வலிக்கறதுன்னு சொன்னா, நன்றி கெட்டவளா ஆயிடமாட்டேனா?''

உங்களுக்கும் இப்படி ஒரு பயம் இருக்கிறதா? இதயமோ, நுரையீரலோ, மார்பகமோ... எந்த ஆபரேஷனாக இருந்தாலும், தழும்பு ஆறிய பிறகும் வலி நின்றுவிடாமல் இருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. 'டாக்டர்தான் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாரே' என்பார் கணவர். 'இன்னுமா வலிக்கறது?' என்பார் எதிர்வீட்டுக்காரர். கேட்டுக் கேட்டு, நமக்கே நம் வலி மேல் சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகமே வேண்டாம். பைபாஸ் செய்யும்போது நெஞ்சு எலும்பை நெடுக அறுத்துத் திறக்கிறார்கள். பிறகு எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். அந்த எலும்பு இரண்டு, மூன்று மாதங்களில் கூடிவிடும். நரம்பு அப்படி இல்லை. ஒவ்வொரு விலா எலும்புக்கு அடியிலும் ஒரு நரம்பு ஓடுகிறது. அறுக்கும்போதும் விரிக்கும்போதும் அது நசுங்கலாம், அறுபடலாம். காயம் ஆறிய பிறகும் அந்த நரம்பு 'வலி, வலி' என்று மூளைக்குத் தந்தி அடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இதய ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கும் நோய்ப் பட்டியலில், அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடிக்கும் வலிக்கு என்றே தனி இடம் இருக்கிறது. பெயர் உள்ள நோய், கற்பனை அல்ல!

சரி, உடம்பின் கணக்கு புரிகிறது. மனசின் கணக்கு? 'முன் ஜன்ம வினை' என்று யாராவது சொல்லிவிட்டால், அது ஆபரேஷன் கத்தியைவிட ஆழமாக இறங்குகிறதே!

அப்பர் பெருமானுக்கு சூலை நோய் வந்ததே ஈசன் செயல்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. உண்மைதான். ஆனால், அதே கதையில் திலகவதியாரைப் பாருங்கள். இரவோடு இரவாக வந்து காலில் விழுந்த தம்பியிடம், 'பட்டால்தான் புத்தி வரும்' என்று அவர் சொல்லவில்லை. திருநீறு கொடுத்தார். பொழுது விடியும் முன், கோயிலைப் பெருக்கவும் மெழுகவும் தான் போகும்போது அவரையும் திருவதிகை சந்நிதிக்கு அழைத்துப் போனார். வினை என்பது அவரவர் தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் வார்த்தை என்பது என் அபிப்பிராயம். அடுத்தவர் வலியை அளக்க அதை எடுக்க நமக்கு உரிமை இல்லை.

அங்கே அப்பர் பாடிய முதல் பதிகம் என்ன தெரியுமா? வலி தாங்கவில்லை என்ற முறையீடு! நாம் இன்று தேவாரம் என்று கைகூப்பிக் கேட்பதில் அதுவும் ஒன்று. குருவாயூரில் நாராயண பட்டதிரி, வாத நோயோடு நூறு தசகங்கள் பாடினார். அவற்றில் பெரும்பாலானவை நோயைத் தீர்க்கச் சொல்லித்தான் முடிகின்றன. ஒரு தரம் கேட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

'அவர்களுக்கெல்லாம் தீர்ந்துவிட்டதே, எனக்கு மட்டும் ஏன் தீரவில்லை?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரமண மகரிஷியை நினைத்துப் பாருங்கள். 1949-ல் அவருடைய இடது கையில் வந்த கட்டியை நான்கு முறை அறுத்து எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அது திரும்ப வந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விட்டார். அவருக்கு அருள் போதவில்லை என்று யாராவது சொல்வோமா?

மாமியிடம் இத்தனையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால், அவரை அசைத்தது அப்பர் அல்ல, நரம்புதான் (எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்!). 'அப்போ டாக்டர் கிட்ட சொல்லலாமோ?' என்றார். தாராளமாகச் சொல்லலாம். நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன, சாதாரண வலி மாத்திரையிலிருந்து அவை வேறு. பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் வலிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பிசியோதெரபியும் உண்டு. முழுக்கப் போகாவிட்டாலும் குறையலாம். இன்னொன்று... புதிதாக மூச்சு வாங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, எலும்பு 'களுக்' என்று அசைந்தாலோ, 'பழைய வலிதானே' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், 'இன்னுமா?' என்று கேட்காதீர்கள். 'இன்னிக்கு எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். குக்கரை நீங்கள் இறக்கி வையுங்கள். தரையில் விழுந்து நமஸ்காரம் செய்ய முடியவில்லை என்று அவர் வருந்தினால், மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய திருநின்றவூர் பூசலாரை ஞாபகப்படுத்துங்கள்.

மாமி அன்று இரவே வீட்டில் சொல்லிவிட்டாராம். மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, ''நாலு வருஷமா பக்கத்துலேயே படுத்திண்டிருக்கேன். எனக்குத் தெரியலையே!'' என்று மட்டும் சொன்னாராம். மாத்திரை ஆரம்பித்து இப்போது இரண்டு மாதம் ஆகிறது. எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது, குத்தல் அப்படியே இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை பாராயணத்தின் நடுவில், ''இன்னிக்கு வலி ஜாஸ்தியா இருக்கு, சாஞ்சு உக்காந்துக்கறேன்'' என்று வாய்விட்டே சொன்னார். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தோம். விட்ட நாமாவிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார்.