திருட்டு நகலும் ஒரு சாட்சியம்

பிறந்த வழி தவறு என்பதற்காக ஒரு பொருளை அழியட்டும் என்று விட்டுவிடலாமா? காசு போட்டு ஆடும் ஆர்கேட் வீடியோ கேம்களின் திருட்டு நகல்கள் இந்த அறக்கேள்வியைக் கூர்மையாக எழுப்புகின்றன. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ பணத்தை அள்ளத் தொடங்கியதுமே நகலெடுப்பவர்களும் கிளம்பிவிட்டார்கள். சர்க்யூட் போர்டிலுள்ள ரோம் சில்லுகளில் இருப்பதைப் படியெடுத்து, உரியவரின் பெயரை நீக்கி, புதிய போர்டில் ஏற்றி விற்பது தனித் தொழிலாகவே வளர்ந்தது. 1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கிய ‘மேம்’ என்னும் எமுலேட்டர், அந்த இயந்திரங்களின் இயக்கத்தை இன்றைய கணினியில் மென்பொருளாகவே நிகழ்த்திக் காட்டுகிறது. அதன் பட்டியலில் மூல விளையாட்டின் கீழேயே ‘பூட்லெக்’ என்ற அடையாளத்தோடு திருட்டு நகல்களும் இருக்கின்றன. அவை அங்கே இருப்பதுதான் முறை. காப்பது வேறு, நற்சான்று வழங்குவது வேறு.

மூலம் இருக்கும்போது நகல் எதற்கு என்று கேட்கலாம். நகல் இல்லாமல் மூலத்தின் வரலாறே விளங்காமல் போவதுண்டு. காப்காம் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டை யாரோ திருத்தி, ‘ரெயின்போ எடிஷன்’ என்ற பெயர் பெற்ற வடிவத்தை உலவவிட்டார்கள். அதில் ஆட்டத்தின் நடுவிலேயே வீரரை மாற்றலாம், அந்தரத்தில் இருந்தபடியே நெருப்புப் பந்து வீசலாம். இதற்குப் பதிலடியாகத்தான் 1992 இறுதியில் காப்காம் வேகம் கூட்டிய ‘ஹைப்பர் ஃபைட்டிங்’ பதிப்பைக் கொண்டுவந்தது. இன்னொரு சான்று, ‘பேக்-மேன்’ விளையாட்டை உரிமையின்றி மாற்றி ஓர் அமெரிக்கக் குழு உருவாக்கிய ‘கிரேஸி ஆட்டோ’. மிட்வே நிறுவனம் அதை வாங்கியதும், சில மாற்றங்களோடு 1982இல் அதுவே ‘மிஸ் பேக்-மேன்’ ஆனது. அங்கீகாரம் என்பது நிரலுக்குள் இருக்கும் குணமல்ல. மனிதர்களுக்கு இடையிலான ஒப்பந்தம். நாளை மாறக்கூடிய ஒன்றை அளவுகோலாகக் கொண்டு எதைக் காப்பது என்று முடிவு செய்ய முடியாது.

ஓவியத்தைப் போலியாகச் செய்ய முடியும், இசைக்குறிப்பை அப்படிச் செய்ய முடியாது, பிழையின்றி எடுத்த ஒவ்வொரு படியும் அந்தப் படைப்பேதான் என்று 1968இல் தத்துவவாதி நெல்சன் குட்மன் வாதிட்டார். கணினி நிரல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் திருட்டு நகல்கள் பெரும்பாலும் பிழையற்ற படிகள் அல்ல: பாதுகாப்புப் பூட்டு உடைக்கப்பட்டிருக்கும், நிறம் மாறியிருக்கும், சில ஒலிகள் காணாமல் போயிருக்கும். அந்த விலகல்களே அவற்றைத் தனிப்பொருளாக்குகின்றன. ஆகவே எமுலேட்டர் அவற்றைச் ‘சரிசெய்து’ காட்டினால் அது பொய்யாகிவிடும். நல்ல சுவடிப் பதிப்பாளர் தமக்கு ஒவ்வாத பாடபேதத்தையும் அடிக்குறிப்பில் விட்டுவைப்பதைப் போன்ற நேர்மை இது.

வலுவான மறுப்பு உரிமையைப் பற்றியது: உழைத்தவரை ஏமாற்றிய பொருளுக்கு உயிர்கொடுப்பது அந்த அநீதியை நீட்டிப்பதாகாதா? ‘ஸ்கிராம்பிள்’ விளையாட்டின் நகல் தொடர்பான வழக்கில், திரையில் தோன்றும் காட்சிக்கும் ஒலிக்கும் பதிப்புரிமை உண்டென்று 1982இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நியாயமான தீர்ப்பு. ஆனால் அந்த உரிமை விற்பனையையும் விநியோகத்தையும் கட்டுப்படுத்துவது; நடந்ததை நினைவிலிருந்து நீக்கும் அதிகாரம் அதில் இல்லை. உரிமையாளரே எல்லாவற்றையும் காப்பார் என்றும் நம்பியிருக்க முடியாது. காப்காமின் ‘சிபிஎஸ்-2’ போர்டில், நகலெடுப்பதைத் தடுக்க வைத்த சங்கேதத் திறவுகோல் ஒரு பேட்டரியை நம்பியே இருந்தது. பேட்டரி தீர்ந்தால் முறையாக விலைகொடுத்து வாங்கியவரின் போர்டும் செத்துவிடும். 2007இல் அந்தச் சங்கேதத்தை அவிழ்த்தவர்களில் சல்மோரியாவும் ஒருவர்.

திருடியவரைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. திருட்டு நடந்தது என்று சொல்லும் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது ஆவணம் காப்பவரின் வேலை. பின்னதைக் கைவிடுவதால் பாதிக்கப்பட்டவருக்கு எந்த நீதியும் கூடுதலாகக் கிடைக்காது. அவருக்கு இழைக்கப்பட்ட தீங்கின் ஆதாரம்தான் இல்லாமல் போகும்.