பிழைத்தலும் பிழைப்பும்

தமிழில் ‘பிழைப்பது’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. சாவிலிருந்து தப்பியவரை ‘ஆள் பொழச்சுக்கிட்டார்’ என்கிறோம். ஒருவரின் வேலை வெட்டியை விசாரிக்கும்போது ‘பொழப்பு எப்படிப் போகுது?’ என்கிறோம். முன்னது சில மணி நேரத்தில் நடந்து முடிவது. பின்னது நாள்தோறும் நடந்துகொண்டே இருப்பது. மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயை பலூனாலும் ஸ்டென்ட்டாலும் திறந்து வீட்டுக்கு அனுப்பப்படும் மனிதர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்காக அவர் யாருக்காவது கடன்பட்டிருக்கிறாரா?

கடன்பட்டிருக்கிறார் என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். ‘இது உனக்கு மறுபிறவிப்பா’, ‘இனிமே வாழுறதெல்லாம் போனஸ்’ என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனையும் ஒளிந்திருக்கிறது. போனஸ் வாங்கியவர் கோபப்படக்கூடாது, சலித்துக்கொள்ளக்கூடாது, பழைய மாதிரி சாதாரணமாக இருக்கக்கூடாது. பிழைத்ததற்குத் தகுதியானவர் என்று தினமும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சையின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1977 செப்டம்பர் 16, சூரிச். ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், தன் வீட்டுச் சமையலறை மேசையில் ஒட்டியும் வெட்டியும் உருவாக்கிய பலூனை, 38 வயது காப்பீட்டு விற்பனையாளர் ஒருவரின் இதய ரத்தக்குழாய்க்குள் செலுத்தி விரித்தார். அந்த மனிதருக்கு நெஞ்சுவலி இருந்தது, மாரடைப்பு இன்னும் வந்திருக்கவில்லை. நெஞ்சைத் திறக்காமலேயே, அவர் நினைவோடு இருக்கும்போதே அடைப்பு விலகியது. பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் குழாய் திறந்தே இருந்தது. அதைப் பார்க்க குருன்ட்சிக் உயிரோடு இல்லை. 1985 அக்டோபரில், அமெரிக்காவில், தானே ஓட்டிச்சென்ற விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 46. காப்பாற்றியவர் முந்திப் போய்விட்டார், காப்பாற்றப்பட்டவர் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். கடன் என்று ஒன்று இருந்தாலும் அதை வசூலிக்க ஆள் இல்லை.

சரி, கடனை விடுவோம். அந்தக் கூடுதல் ஆண்டுகள் எப்படிப்பட்டவை? கோபன்ஹேகனில் 1998 முதல் 2010 வரை, மாரடைப்போடு வந்து உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட 2,804 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. முதல் 30 நாட்களில் 7.9 சதவீதம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இதயத்தால்தான். ஐந்தாண்டு முடிவில் இறந்தவர்கள் 23.3 சதவீதம். நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது இதற்கு நடுவில் இருக்கும் தகவல். முதல் 30 நாட்களைத் தாண்டியவர்களில் பின்னாளில் நேர்ந்த மரணங்களில் 65 சதவீதத்துக்குக் காரணம் இதயம் இல்லை. புற்றுநோய், நுரையீரல் நோய் போன்றவை. இதயத்தால் சாகும் ஆபத்து ஆண்டுக்கு 1.5 சதவீதத்துக்கும் குறைவு.

அதாவது, அந்த முதல் மாதத்தைக் கடந்தவர்களில் பலர் மற்ற எல்லோரையும் போலவே மூப்படைந்து, மற்ற எல்லோரையும் போலவே ஏதோ ஒன்றால் இறக்கிறார்கள். எனக்கு இது சோகமாகத் தெரியவில்லை. மருத்துவம் அவர்களுக்குத் திருப்பித் தந்தது வேறொரு காரணத்தால் சாகும் வாய்ப்பை. மறுபிறவி என்ற பெரிய சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பிள்ளையின் மார்க்குக்காகத் திட்டுவது, காபியில் சர்க்கரை கம்மி என்று முணுமுணுப்பது, இதெல்லாம்தான் திரும்பி வந்தது. அதைப் போனஸ் என்று பெயரிட்டுத் தனியாக எடுத்துவைத்தால், கொடுத்ததைப் பாதி பிடுங்கிக்கொண்ட மாதிரிதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கடன் இல்லையென்றால், மாத்திரையை நிறுத்துகிறவரையும் மறுபடி சிகரெட் பிடிக்கிறவரையும் என்ன சொல்வது? ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையும் வழக்கமாக ஒரு வருடம் தேவை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை பெரும்பாலும் ஆயுளுக்கும் தேவை. இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். ‘இவ்வளவு செஞ்சும் இப்படிப் பண்றாரே’ என்று எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அந்த எரிச்சல், காப்பாற்றும் வேலை மருத்துவமனை வாசலோடு முடிந்துவிட்டது, மீதி அவர் பாடு என்று எண்ணிக்கொள்வதால் வருவது.

அது அங்கே முடியவில்லை என்பதற்கு தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ் வழியாக இணைத்த ஒரு திட்டத்தில் 2,420 மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2017-இல் வெளியாயின. மருத்துவமனைக்குள் நேர்ந்த இறப்பு திட்டத்துக்கு முன்பு 5.8 சதவீதம், பின்பு 5.6. கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. ஒரு வருடக் கணக்கில்தான் வித்தியாசம் தெரிந்தது, 17.6 சதவீதம் 14.2 ஆகக் குறைந்தது. முன்பும் பின்பும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால் மொத்தப் பெருமையையும் திட்டத்துக்கே எழுதிவிட முடியாது. ஆனாலும் டிஸ்சார்ஜ் நாளன்று எண்ணியிருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லியிருப்போம். யார் பிழைத்தார்கள் என்பது வீட்டில், சந்தடியில்லாத மாதங்களில் முடிவாகியிருக்கிறது.

அந்த மாதங்களில் மாத்திரை வாங்கப் பணம் வேண்டும். செக்கப்புக்குப் போக ஒருநாள் கூலியை விட வேண்டும். பழைய வேலையில் மறுபடி சேர்த்துக்கொள்ள முதலாளி வேண்டும். கடமை என்று ஒன்றைப் பேசியே ஆகவேண்டுமானால், அதில் பெரிய பங்கு பிழைத்தவரைச் சுற்றியிருக்கும் நமக்குத்தான். சிகரெட்டைத் தொடாதே என்று அவரிடம் சொல்லலாம், கெஞ்சலாம், சண்டைகூடப் போடலாம். அவர் நமக்கு வேண்டியவர் என்பதே அதற்குப் போதுமான காரணம். ‘உன்னைக் காப்பாத்தினோமே’ என்று சொல்லிக்காட்டும்போது அந்த உரிமை போய்விடுகிறது.

ஆகவே வீடு திரும்பியவரைப் பார்க்கப் போனால் மறுபிறவியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ‘மாத்திரை அடுத்த மாசத்துக்கு இருக்கா?’ என்று கேட்கலாம். பிறகு, எல்லோரிடமும் கேட்பதைப் போல, பொழப்பு எப்படிப் போகுது என்று கேட்கலாம்.