வீடு கொடுத்தால் போதுமா?

நகரம் அழகுற வேண்டும், ஆற்றங்கரைகள் தூய்மை பெற வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆயின், அவ்வழகிற்கு விலை செலுத்துவோர் யாவர் என்பதை அறிவுடையோர் ஆராய்தல் வேண்டும். ஏழையின் குடிசையைப் பிரித்து, பல கல் தொலைவில் அவனுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டால் அறம் நிறைவெய்திவிடுமா?

1981 ஜூலை மாதம், மழைக்காலத்தில், பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தத் தொடங்கினர். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றோருள் தமிழர் ஒருவரும் இருந்தார். நிலமற்ற கூலியாளாயிருந்து, வறட்சியால் வேலையிழந்து பம்பாய் சேர்ந்தவர் அவர். அவருடைய குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார். மனைவி மக்கள் ஊரில் தங்க, அவர் மட்டும் திரும்பி வந்து மீண்டும் நடைபாதையிலேயே குடியேறினார். கூரையை நாடியா வந்தார்? நடைபாதையில் ஏது கூரை! சோற்றை நாடியன்றோ வந்தார்.

1985 ஜூலை 10-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு வழங்கிற்று. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 21-ஆம் விதி காக்கும் உயிர்வாழ்வில் பிழைப்பும் அடங்கும் என்று அது கூறிற்று. பிழைக்கும் வழியை அடைத்தபின் உயிர் எதனால் நிற்கும்? எனினும், நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்றும், முன்னறிவிப்புச் செய்து, மழைக்காலம் கழிந்தபின் அகற்றலாம் என்றும் அதே தீர்ப்புக் கூறிற்று. கொள்கை ஏழைக்குக் கிடைத்தது. நடைபாதை நகரசபைக்குக் கிடைத்தது.

இனிச் சென்னையை நோக்குவோம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971-இல் அதற்குரிய சட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில், குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டித் தருவது வாரியத்தின் முதன்மைப் பணியாயிருந்தது. பிற்காலத்திலோ கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடியில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. 2015 பெருவெள்ளத்திற்குப் பின் அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கம் அனுப்பப்பட்டன. 2021-இல் வாரியம் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ எனப் பெயர் பெற்றது. வாழ்விடம் என்பது நற்பெயர். அதன் பொருள் நான்கு சுவர் மட்டுமன்று என்பதே நம் வாதம்.

வெள்ளம் பாயும் கரையில் மக்களை விட்டுவைப்பது கருணையா என்று கேட்பாருளர். நேர்மையான கேள்வியே. ஆபத்திலிருப்போரை அகற்றுதல் அரசின் கடமை. ஆனால், செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பகுதிகளல்லவா? மேலும், வீட்டுவேலை செய்யும் தாய்க்குப் பேருந்துக் கட்டணமே கூலியில் பெரும்பங்கை விழுங்குமாயின், அவள் வேலையை விடுவாள். அல்லது விடியுமுன் பிள்ளைகளைத் தனியே விட்டுச் செல்வாள். வெள்ளம் ஆண்டில் சில நாள் வரும்; இந்த இடர் நாள்தோறும் வருவது. எண்வகை நெறியில் நற்பிழைப்பு ஓர் உறுப்பு. பிழைப்பையே பறித்துவிட்டு நற்பிழைப்பை யாருக்குப் போதிப்பது?

நமக்கு இது புதிய கதையன்று. ஊர் ஓரிடம், சேரி வேறிடம் என்று வகுத்த பழைய ஏற்பாட்டில் நம் முன்னோர் உழைப்பு மட்டும் ஊருக்குள் வரலாம்; அவர்தம் குடியிருப்போ வெளியே இருத்தல் வேண்டும். இன்று எவரும் சாதியின் பெயரால் அதைச் சொல்வதில்லை; நகர வளர்ச்சியின் பெயரால் சொல்கின்றனர். நோக்கம் வேறாயினும், விளைவு அதுவேயானால், அதனை அறமென்று எவ்வாறு ஒப்புவது?

ஆகவே ஒவ்வொரு திட்டத்தையும் மூன்று வினாக்களால் சோதிப்போமாக. குடியிருப்போரைக் கேட்டுச் செய்ததா? அதே இடத்திலோ அண்மையிலோ வீடு கட்ட உண்மையாக முயன்றதா? தொலைவே தவிர்க்க இயலாதாயின், பள்ளி, மருத்துவமனை, பேருந்து, வேலை ஆகியவை மக்களுக்கு முன்னரே அங்குச் சென்று சேர்ந்தனவா? இவற்றுக்கு ஆம் எனும் விடை கிடைக்குமாயின் அது குடியேற்றம். இல்லையெனில், சாவி கையில் கொடுக்கப்பட்டிருந்தாலும், அது வெளியேற்றமே.